பொத்தானுக்குப் பெயர் வைப்பது யார்?

ஒரு சாளரத்தில் பத்துப் பொத்தான்கள் இருக்கின்றன. பயனர் ஒன்றை அழுத்துகிறார். அழுத்தியது எந்தப் பொத்தான் என்று நிரலுக்கு எப்படித் தெரியும்?

கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆனால் இதற்குப் பதில் சொல்வதில்தான் கடந்த நாற்பது வருஷ வரைகலை நிரலாக்கத்தின் பாதித் தலைவலி இருந்திருக்கிறது. பைத்தானில் எழுதப்பட்ட பழைய டபிள்யூஎக்ஸ்பைத்தான் நிரல் ஒன்றைத் திறந்து பாருங்கள். தொடக்கத்திலேயே 101, 102, 103 என்று வரிசையாக எண்கள் இருக்கும். கொஞ்சம் பிற்காலத்து நிரலில் எண்கள் இருக்காது. ஒவ்வொரு விட்ஜெட்டுக்கும் -1 என்று போட்டிருப்பார்கள். டிகின்டர் நிரலில் ஏதாவது பிழை வந்தால் ஒரு புள்ளியும் அதன் பின்னால் நீளமான ஓர் எண்ணும் வந்து பயமுறுத்தும். இவையெல்லாம் எங்கிருந்து வந்தன? பைத்தானுக்கு இவை தேவையா? இந்தக் கட்டுரை அந்த எண்களின் கதை.

விண்டோஸ் கொடுத்த எண்

1985 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் முதல் பதிப்பு வெளியானது. 256 கிலோபைட் நினைவகம் இருந்தால் போதும் என்ற காலம். அதில் ஒவ்வொரு சாளரத்துக்கும், ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு அடையாளங்கள் இருந்தன. ஒன்று ஹேண்டில். இதை நிரல் ஓடும்போது விண்டோஸே கொடுக்கும். அடுத்த முறை ஓட்டினால் வேறாக இருக்கும். இன்னொன்று ஐடி எண். இதை நிரல் எழுதுபவர் எழுதும்போதே தீர்மானிப்பார்.

ஏன் இரண்டு? டயலாக் பாக்ஸின் அமைப்பை நிரலுக்குள் எழுதாமல் ரிசோர்ஸ் கோப்பு என்ற தனிக் கோப்பில் வைத்ததுதான் காரணம். எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அதன் மேல் என்ன எழுத வேண்டும் என்பதெல்லாம் அங்கே இருக்கும். நிரல் இன்னொரு பக்கம் சி மொழியில் இருக்கும். இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவே உள்ள ஒரே பாலம் ஐடி எண்தான். பொத்தானை அழுத்தினால் விண்டோஸ் நிரலுக்கு ஒரு கமாண்ட் செய்தியை அனுப்பும். செய்திக்குள் அந்த எண் இருக்கும். நிரல் ஒரு பெரிய ஸ்விட்ச் கட்டளையில் எண்ணைப் பார்த்து என்ன செய்வதென்று முடிவெடுக்கும்.

இதில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. பொத்தானின் மேல் இருக்கும் எழுத்தை ஜெர்மனுக்கோ ஜப்பானிய மொழிக்கோ மாற்றலாம். எண் மாறாது, நிரலைத் தொட வேண்டியதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கெட்ட விஷயமும் இருந்தது. ஒரே டயலாகில் இரண்டு பேர் தனித்தனியாக வேலை செய்தால், இருவரும் அடுத்த எண் என்று ஒரே எண்ணை எடுத்துக்கொள்வார்கள். இருவரின் கோப்புகளையும் சேர்க்கும்போது இரண்டு பொத்தான்களுக்கு ஒரே எண். இதைவிடப் பெரிய விஷயம், செய்திக்குள் அந்த எண்ணுக்குக் கிடைத்த இடம் 16 பிட்தான். பிற்பாடு விண்டோஸ் 32 பிட்டாக வளர்ந்தபோதும் அந்த இடம் பெரிதாகவில்லை. அதாவது 65,535-க்கு மேல் எண் கிடையாது. 1985-இல் இது கடல். ஒரு டயலாகில் யார் அறுபதாயிரம் பொத்தான் வைக்கப்போகிறார்கள்?

பதிவெண்ணும் இனிஷியலும்

அதே சமயத்தில் யூனிக்ஸ் பக்கம் வேறு மாதிரி யோசித்தார்கள். எம்ஐடியில் 1984-இல் தொடங்கிய எக்ஸ் விண்டோ அமைப்பின் பதினோராவது பதிப்பு 1987-இல் வந்தது. அதில் திரையைக் கையாளும் சர்வர் ஒரு கணினியிலும், நிரல் நெட்வொர்க்கின் மறுமுனையில் இன்னொரு கணினியிலும் இருக்கலாம். ஒவ்வொரு சாளரத்துக்கும் 'எனக்கு ஓர் எண் கொடு' என்று சர்வரைக் கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் வேலை நடக்காது.

அவர்கள் செய்தது நம் பல்கலைக்கழகப் பதிவெண் மாதிரி. பல்கலைக்கழகம் கல்லூரிக்கு ஒரு குறியீட்டைக் கொடுத்துவிடும்; அதற்குப் பின்னால் வரும் வரிசை எண் அந்தக் கல்லூரிக்குள் ஓடும். இன்னொரு கல்லூரியோடு மோதவே மோதாது. எக்ஸிலும் நிரல் இணையும்போதே சர்வர் ஓர் அடிப்படை எண்ணைக் கொடுத்துவிடும். அதற்குள் அடங்கும் எண்களை நிரல் தானே எடுத்துச் சாளரங்களுக்குச் சூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டியதில்லை.

இந்த எக்ஸின் மேல்தான் ஜான் ஔஸ்டர்ஹவுட் பெர்க்லியில் டிகே என்ற டூல்கிட்டை உருவாக்கினார். டிசிஎல் என்ற அவருடைய ஸ்கிரிப்ட் மொழிக்காகச் செய்தது. டிசிஎல்லில் எல்லாமே எழுத்துச்சரம் என்பதால் விட்ஜெட்டின் அடையாளமும் எழுத்துச்சரமாகவே ஆனது. முதன்மைச் சாளரத்தின் பெயர் வெறும் புள்ளி. அதற்குள் இருக்கும் சட்டத்துக்குப் புள்ளிக்குப் பின்னால் சட்டத்தின் பெயர். அதற்குள் இருக்கும் பொத்தானுக்குச் சட்டத்தின் பெயர், மறுபடி ஒரு புள்ளி, பொத்தானின் பெயர்.

நம் இனிஷியல் முறையேதான்! அப்பா பெயர் முன்னால், பிள்ளை பெயர் பின்னால். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பெயர் வைக்க முடியாது; ஆனால் பக்கத்து வீட்டில் அதே பெயர் இருந்தால் பரவாயில்லை. எண் தீர்ந்துபோகும் பிரச்சினை இல்லை, இரண்டு பேர் தனித்தனியாக வேலை செய்தாலும் மோதாது.

1994 வாக்கில் ஸ்டீன் லும்ஹோல்ட்டும் பைத்தானின் தந்தை கைடோ வான் ராசமும் டிகேயைப் பைத்தானுக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் டிகின்டர். பைத்தானில் பொத்தான் என்பது ஓர் ஆப்ஜெக்ட். அதை ஒரு மாறியில் வைத்துக்கொள்ளலாம், அழுத்தினால் ஓட வேண்டிய ஃபங்ஷனை அதனிடமே கொடுத்துவிடலாம். பெயர் எதற்கு? ஆனால் அடியில் இருக்கும் டிகே பெயர் கேட்குமே. எனவே நாம் பெயர் கொடுக்காவிட்டால் டிகின்டரே ஒன்று வைத்துவிடும். என்ன பெயர்? அந்த ஆப்ஜெக்டுக்குப் பைத்தான் கொடுக்கும் ஐடி, அதாவது வழக்கமான பைத்தானில் அதன் நினைவக முகவரி. பிழைச் செய்தியில் வரும் அந்த நீளமான எண் இதுதான். ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அது மாறும், அதை வைத்து எந்தப் பொத்தான் என்று கண்டுபிடிக்க முடியாது. இருபது வருஷத்துக்கும் மேல் இப்படியே இருந்து, 2016 டிசம்பரில் வந்த பைத்தான் 3.6-இல்தான் இது மாறியது. இப்போது ஒரு வியப்புக்குறி, பின்னால் விட்ஜெட்டின் வகை, இரண்டாவதாக இருந்தால் 2 என்று மனிதர் படிக்கும் பெயராக வருகிறது. வியப்புக்குறி ஏன் என்றால், நாமாக வைக்கும் பெயர்கள் அதில் தொடங்குவது அபூர்வம். மோதாது.

எடின்பரோவிலிருந்து பைத்தானுக்கு

இப்போது அந்த 101, 102 கதைக்கு வருவோம். 1992-இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்த ஜூலியன் ஸ்மார்ட்டுக்கு ஒரே நிரல் விண்டோஸிலும் எக்ஸிலும் ஓட வேண்டியிருந்தது. அதற்காக அவர் சி++ மொழியில் எழுதத் தொடங்கியது டபிள்யூஎக்ஸ்விண்டோஸ். விண்டோஸுக்கு டபிள்யூ, எக்ஸுக்கு எக்ஸ். விண்டோஸ் என்ற பெயர் காரணமாக மைக்ரோசாஃப்ட் கேட்டுக்கொண்டதால் 2004-இல் இது டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் ஆனது.

இதன் இரண்டாம் பதிப்பில் நிகழ்வு அட்டவணை என்ற முறை வந்தது. மைக்ரோசாஃப்டின் எம்எஃப்சியில் இருந்த மெசேஜ் மேப் போன்றது. இந்த எண்ணுள்ள பொத்தானை அழுத்தினால் இந்த ஃபங்ஷன், அந்த எண்ணுள்ள மெனுவுக்கு அந்த ஃபங்ஷன் என்று ஓர் அட்டவணையாக எழுதிவிட வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது, அந்த அட்டவணை கம்பைல் செய்யும்போதே உருவாகிவிடுகிறது. அப்போது பொத்தான் என்ற ஆப்ஜெக்டே பிறக்கவில்லை. பிறக்காத பிள்ளையை எப்படிச் சுட்டிக்காட்டுவது? எண்ணால்தான் முடியும். ஆக சி++-இல் இந்த எண் தேவைக்காக வந்தது.

1995-இல் ராபின் டன் என்பவருக்கு ஹெச்பி-யூஎக்ஸிலும் விண்டோஸ் 3.1-லும் ஓடும் நிரல் ஒன்று தேவைப்பட்டது. தேடும்போது டபிள்யூஎக்ஸ்விண்டோஸுக்கு ஒரு பைத்தான் இணைப்பு இருப்பதைக் கண்டார். பைத்தானே அவருக்கு அப்படித்தான் அறிமுகம். ஹாரி பசானன், எட்வர்ட் சிம்மர்மன் ஆகியோருடன் சேர்ந்து அவர் வளர்த்ததுதான் டபிள்யூஎக்ஸ்பைத்தான்.

பைத்தானில் கம்பைல் நேர அட்டவணை கிடையாது. நிகழ்வை இணைக்கும் வரி ஓடும்போது பொத்தான் ஏற்கனவே பிறந்துவிட்டது. ஆனாலும் தொடக்ககால டபிள்யூஎக்ஸ்பைத்தான் சி++-இன் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்தது. நிகழ்வை இணைக்கும் ஃபங்ஷனுக்குச் சாளரம், எண், ஓட வேண்டிய ஃபங்ஷன் என்று மூன்றையும் கொடுக்க வேண்டும். தேவை போய்விட்டது, தேவைக்காக வந்த எண் போகவில்லை.

எண்களைக் கையாள மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, நாமே 101, 102 என்று வைப்பது. இரண்டு, நியூஐடி என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு அடுத்த எண்ணை வாங்கிக்கொள்வது. போவா கன்ஸ்ட்ரக்டர் போன்ற கருவிகள் தாமாக எழுதும் நிரலில் ஃபைலின் தலைப்பிலேயே நியூஐடியை வேண்டிய தடவை கூப்பிட்டு ஒரு பட்டியலாக எண்களை வாங்கி வைத்துவிடும். மூன்றாவது, -1 போட்டு 'நீயே ஏதாவது வைத்துக்கொள்' என்று விட்டுவிடுவது. பிறகு இந்த -1-க்கே ஐடி எனி என்று பெயர் வந்தது.

2004-இல் வந்த 2.5 வரிசையில் ராபின் டன் இதைச் சரிசெய்தார். பைண்ட் என்ற புதிய முறையில் எண்ணுக்குப் பதில் பொத்தான் ஆப்ஜெக்டையே கொடுக்கலாம். அது உள்ளே போய் எண்ணைத் தானே கேட்டுக்கொள்ளும். பைத்தான் எழுதுபவர்களுக்கு எண் கண்ணிலிருந்து மறைந்தது. ஆனால் கண்ணிலிருந்துதான் மறைந்தது.

எண் தீர்ந்துபோகும் நாள்

நியூஐடி எப்படி வேலை செய்கிறது தெரியுமா? உள்ளே ஒரு எண்ணி இருக்கிறது. 100-இல் தொடங்கும். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் ஒன்று கூடும். 4999 முதல் 5999 வரை டபிள்யூஎக்ஸ் தனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறது. 5100 என்றால் ஓகே, 5101 என்றால் கேன்சல், 5006 என்றால் வெளியேறு. எனவே எண்ணி அந்தப் பகுதியைத் தாண்டி 6000-க்குக் குதித்துவிடும். கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்கும் வழக்கமே அதற்குக் கிடையாது.

இப்போது ஒரு கணக்கு. ஒரு கடையில் பில் போடும் நிரல் ஒன்று பைத்தானில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வலது பக்கம் கிளிக் செய்தால் ஒரு மெனு வரும், அதில் பத்து வரிகள். மெனு ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஒவ்வொரு வரிக்கும் நியூஐடி கூப்பிடப்படுகிறது. ஒரு நாளைக்கு நூறு தடவை கிளிக் செய்தால் ஆயிரம் எண்கள். டபிள்யூஎக்ஸ் ஏற்றுக்கொள்ளும் நேர்ம எண்களின் எல்லை 32,767-க்குள். 1985-இன் அந்த 16 பிட் இடத்தின் பாதி! நடுவில் தாண்டியது போகக் கிடைப்பது சுமார் 31,600 எண்கள். நிரலை மூடாமல் ஓட்டினால் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும்.

இந்த வகைப் பிழைதான் மிகக் கொடுமையானது. எழுதியவரின் கணினியில் வராது, ஏனென்றால் அவர் நிரலை ஒரு நாளைக்கு இருபது தடவை மூடித் திறக்கிறார். பரீட்சை செய்தால் வராது. ஒரு மாதம் கழித்துக் கடைக்காரரிடம் வரும். மூடித் திறந்தால் சரியாகிவிடும், ஆகவே காரணமும் தெரியாது.

-1 போட்டால் தப்பிக்கலாமா? அப்போதும் டபிள்யூஎக்ஸ் உள்ளே ஓர் எண் கொடுக்கத்தான் செய்கிறது. எதிர்ம எண்களிலிருந்து எடுக்கும். சாளரங்களைத் திறந்து திறந்து மூடும் நிரலில் அதுவும் ஒரு நாள் தீரும். எனவே டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸின் 2.9 வரிசையில், தானாகக் கொடுத்த எண்ணை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கு வைத்து, யாரும் இல்லையென்றால் திரும்ப வாங்கிக்கொள்ளும் முறை வந்தது. நூலகத்தில் புத்தகம் திரும்புவது மாதிரி.

2018-இல் வந்த டபிள்யூஎக்ஸ்பைத்தான் 4.0 வரிசையில் இது நம் கைக்கும் வந்தது. பழைய நியூஐடியைக் கூப்பிட்டால் எச்சரிக்கை வரும். நியூஐடிரெஃப் என்பதைப் பயன்படுத்தச் சொல்லும். அது கொடுப்பது வெறும் எண் அல்ல, எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஓர் ஆப்ஜெக்ட். அந்த ஆப்ஜெக்ட் இருக்கும் வரை எண் நமக்கு. அது போனால் எண் வேறு யாருக்காவது போகலாம். ஆகவே அதை ஒரு மாறியில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணை மட்டும் இன்டிஜராக மாற்றி எடுத்துக்கொண்டு ஆப்ஜெக்டை விட்டுவிட்டால் வந்த பயனே இல்லை.

வெளியிலிருந்து தேடுபவர்கள்

இதுவரை படித்தவர்கள் 'எண்ணே வேண்டாம், எல்லாவற்றையும் தானாக விட்டுவிடலாம்' என்று நினைக்கலாம். 1995-இல் நார்வேயிலிருந்து வந்த க்யூட் டூல்கிட் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தது. சிக்னலை நேராக ஸ்லாட்டோடு இணைத்தால் போதும், எண் வேண்டாம். 1998-இல் அது பைக்யூட்டாகப் பைத்தானுக்கும் வந்தது. ஆனால் அங்கேயும் ஒவ்வோர் ஆப்ஜெக்டுக்கும் ஒரு பெயர் வைக்க இடம் விட்டிருந்தார்கள். ஏன்?

ஏனென்றால் பொத்தானைத் தேடுவது நிரல் மட்டுமல்ல. என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை எடுத்துக்கொள்வோம். பார்வையற்றவர்களுக்குத் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் இலவச மென்பொருள். 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் தொடங்கியது. பெரும்பாலும் பைத்தானில் எழுதப்பட்டது, அதன் மெனுக்களும் டயலாகுகளும் டபிள்யூஎக்ஸ்பைத்தானில் செய்தவை. தமிழ் இடைமுகமும் அதற்கு உண்டு.

பல நிரல்களில் பொத்தானின் மேல் எழுத்து இருக்காது, வெறும் படம் இருக்கும். கண் தெரிந்தவர் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஸ்கிரீன் ரீடர் 'பொத்தான்' என்று மட்டும் சொல்லும். பத்துப் பொத்தான் இருந்தால் பத்து முறை 'பொத்தான்'. இதைச் சரிசெய்ய என்விடிஏவுக்குத் தனித்தனி நிரல்களுக்கான துணைத் தொகுதிகளை எழுதுவார்கள். இந்த நிரலில் இந்தக் கண்ட்ரோல் ஐடி உள்ள பொத்தான் வந்தால் 'சேமி' என்று சொல் என்பது மாதிரி. அவர்கள் பிடித்துக்கொள்வது அதே 1985-இன் எண்ணைத்தான்.

நிரலை எழுதியவர் அதற்கு நிலையான எண் வைத்திருந்தால் இந்தத் துணைத் தொகுதி வருஷக்கணக்கில் வேலை செய்யும். எண் தானாகப் போடப்பட்டிருந்தால், விட்ஜெட்டுகள் உருவாகும் வரிசையைப் பொறுத்து அது மாறும். அடுத்த பதிப்பில் மேலே ஒரு பொத்தானைச் சேர்த்தால் கீழே எல்லாம் நகர்ந்துவிடும். யாரோ ஒருவர் நேற்று வரை வேலை பார்த்த நிரலில் இன்று 'சேமி' என்ற குரல் தப்பான பொத்தானில் வரும், அல்லது வரவே வராது. பைவின்ஆட்டோ போன்ற பைத்தான் பரிசோதனைக் கருவிகளும் கண்ட்ரோல் ஐடியை வைத்துப் பொத்தானைத் தேடலாம். அவற்றுக்கும் இதே கதி.

மேக் கணினியில் இன்னொரு வேடிக்கை. டபிள்யூஎக்ஸில் வெளியேறு, விருப்பத்தேர்வுகள், நிரலைப் பற்றி ஆகிய மூன்று மெனுவுக்கும் டபிள்யூஎக்ஸின் ஒதுக்கப்பட்ட எண்களைக் கொடுத்தால், மேக்கில் அவை தாமாகவே நிரலின் பெயருள்ள மெனுவுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். மெனுவின் மேல் எந்த மொழியில் எழுதியிருந்தாலும் சரி. அங்கே எண் என்பது வெறும் எண் அல்ல, அர்த்தம்.

திரும்பி வந்த கேள்வி

ஆப்ஜெக்ட் இருந்தால் எண் வேண்டாம் என்று 2004-இல் முடிந்த மாதிரி தெரிந்த விவாதம், 2019-இல் ஸ்ட்ரீம்லிட் வந்தபோது மறுபடி தொடங்கியது. பைத்தானில் சில வரிகளில் இணையப் பக்கம் செய்யும் கருவி இது. பயனர் எதைத் தொட்டாலும் நிரல் மேலிருந்து கீழ் வரை மறுபடி ஓடும் என்பது அதன் அடிப்படை. அப்படியென்றால் பொத்தான் ஆப்ஜெக்ட் நிலைத்து நிற்பதே இல்லை. போன ஓட்டத்தில் இருந்த பொத்தானும் இந்த ஓட்டத்தில் வந்த பொத்தானும் ஒன்றுதான் என்று எப்படித் தெரிவது? மறுபடியும் ஓர் அடையாளம் வேண்டும்.

ஸ்ட்ரீம்லிட் அதை விட்ஜெட்டின் வகை, மேலே எழுதிய எழுத்து, மற்ற அமைப்புகள் ஆகியவற்றிலிருந்து தானே செய்துகொள்கிறது. வகுப்பில் மூன்று கார்த்திக் இருந்தால் என்ன ஆகும்? 'சேமி' என்று எல்லாவற்றிலும் ஒத்த இரண்டு பொத்தான் வைத்தால் ஒரே அடையாளம் இரண்டு முறை வருகிறது என்று பிழை வரும். தனியாக ஒரு கீ கொடுக்கச் சொல்லும். கீ கொடுக்காமல், ஆங்கிலத்தில் இருந்த எழுத்தைத் தமிழுக்கு மாற்றினால் அது புது விட்ஜெட் ஆகிவிடும். பயனர் அதில் நிரப்பி வைத்தது போய்விடும். ரிசோர்ஸ் கோப்புக் காலத்தில் எழுத்தையும் அடையாளத்தையும் பிரித்து வைத்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது.

ஆக, இந்த நாற்பது வருஷத்தில் பெயரைத் தூக்கி எறிந்தவர்கள் யாருமில்லை. அதை வைக்கும் பொறுப்பைத்தான் மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். முதலில் நிரலாளர், பிறகு எண்ணி, பிறகு நினைவக முகவரி, பிறகு பொத்தானின் மேல் இருக்கும் எழுத்து. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வசதி கிடைத்தது, ஏதோ ஒன்று போனது.

நடைமுறையில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். நிரலுக்கு உள்ளே மட்டும் தேவைப்படும் விட்ஜெட்டுக்குப் பெயர் வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆப்ஜெக்டைப் பிடித்துக்கொண்டால் போதும். திரும்பத் திரும்ப உருவாகி மறையும் மெனுவுக்கு எண் வேண்டுமென்றால் ஒரே ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஓகே, கேன்சல், வெளியேறு மாதிரி உலகத்துக்கே தெரிந்தவற்றுக்கு ஒதுக்கப்பட்ட எண்ணையே கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் தேடி வரக்கூடிய பொத்தானுக்கு மட்டும் நிலையான பெயரோ எண்ணோ நாமே வைக்க வேண்டும், வைத்த பிறகு மாற்றக்கூடாது. தேடி வருபவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவர் திரையைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டிருப்பவராகவும் இருக்கலாம்.